ரத்த சொந்தம் மட்டும்

என் பெயர் செவாங் யூடன். இதில் எது உன் பெயர், எது அப்பா பெயர் என்று கேட்டால், இரண்டும் என் பெயர்தான். மைசூருக்குப் படிக்க வந்த முதல் நாளே கல்லூரி ஆபீஸில் இதைத் தெளிவாகச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெப்படிம்மா அப்பா பேர் ஒட்டாம ஒரு ஆளு? இனிஷியல் என்ன, சொல்லு" என்றார். கிடையாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவராகவே யோசித்துச் செவாங்கை என் அப்பாவாக்கி, அதிலிருந்து ஒரு எழுத்தைக் கிள்ளி முன்னால் வைத்தார். அன்றிலிருந்து இந்த ஊரில் நான் வெறும் யூடன். என் அப்பாவின் பெயர் ஜாம்பெல் என்று கத்திப் பார்த்தேன். "அட்மிஷன் முடிஞ்சது, கெளம்பும்மா" என்றார்.

பூட்டானில் எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளை பிறந்தால் லாமாவிடம் தூக்கிக்கொண்டு போவோம். அவர் வாயில் வருவதுதான் பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பாதிப் பெயர்கள் பொதுதான். அப்பா ஜாம்பெல், அம்மா சங்கே ஸாங்மோ, நான் செவாங் யூடன், தம்பி குன்சாங் தோர்ஜி. எழுதி வைத்தால் நான்கு ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் ஏறிய மாதிரி இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காமல் போனதில்லை.

இங்கேதான் யாருக்கும் இறங்கவில்லை. சிம் கார்டு வாங்கப் போனால் பெயர்த் தகராறு, பாங்கில் பெயர்த் தகராறு. பரீட்சை ஹாலில் என் பெயரைப் பார்த்து, "இது ஆளா, மாத்திரையா?" என்று ஒருவர் ஜோக் அடித்தார். முன்பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஆட்டோக்காரர் நேபாளியா என்பார், பழக்கடைக்காரர் சைனாவா என்பார். பூட்டான் என்றால், "அது எந்த ஸ்டேட்ல வருது?" என்பார்கள். மிளகாயைக் காய்கறியாகவே வேகவைத்துச் சாப்பிடும் ஊரில் பிறந்தவள் நான். எனக்கு விடுதி மெஸ்ஸில் வெல்லம் போட்ட சாம்பார். நாக்கு செத்துப்போய், ஒருநாள் அறையில் மின்சாரக் கெட்டிலில் மிளகாயும் சீஸும் போட்டுக் கொதிக்கவிட்டேன். மாடி முழுக்க இருமியது. வார்டன் சர்வமங்களா மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், இன்றுவரை திருப்பித் தரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் குன்சாங். என் தம்பி, குடகுக்குப் போகும் வழியில் உள்ள பௌத்த மடத்தில் ஒன்பது வயதிலிருந்து இருக்கிறான். இப்போது பத்தொன்பது வயது. சொந்தமாகப் போன் கிடையாது, மடத்துக்கு வெளியே உள்ள கடையில் கெஞ்சி வாங்கிப் பேசுவான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல உன்னைப் பாக்க வரேன். பெரிய துறவி ஒருத்தர்கூட ஊருக்குக் கெளம்பறேன். மலை மேல தியானத்துக்கு உக்கார வெக்கறாங்க."

"எத்தனை நாளு?"

"நாளா? மூணு வருஷத்துக்கு மேல."

அந்தத் தியானம் என்னவென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். போன் இல்லை, கடிதம் இல்லை, பெற்ற தாய் வந்து வாசலில் நின்றாலும் முகம் காட்ட மாட்டார்கள். வழியில் வீட்டுக்குப் போய்வரவும் அவனுக்கு அனுமதி இல்லையாம்.

"நீயாப் போறியா, அவங்க அனுப்பறாங்களா?"

அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. "நேர்ல பேசலாம் அக்கா. இங்க ஆளுங்க இருக்காங்க" என்று வைத்துவிட்டான்.

அன்று இரவெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். அவனை மடத்துக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டவர் அப்பா. அம்மா அப்போதும் வாயைத் திறக்கவில்லை, இப்போதும் திறக்கவில்லை. அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாவது கேட்டுவிட வேண்டும். அவன் கண்ணைப் பார்த்து, பக்கத்தில் யாரும் இல்லாமல், உனக்கு இஷ்டமா என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்று சொன்னால் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்வேன், அப்பாவிடம் நான் பேசிக்கொள்வேன். எனக்கு வேண்டியது அவனோடு தனியாக ஒரு ஐந்து நிமிஷம். அதை இந்த விடுதியில் வாங்குவதற்குள் என் உயிர் போய்விட்டது.

விடுதி வாசலில் ஒரு பலகை தொங்கும். பார்க்க வருபவர்கள் ரத்த சொந்தம் மட்டும், அதுவும் ஞாயிறு காலை மட்டும், அதுவும் வார்டன் முன்கூட்டி நோட்டில் பெயர் ஏற்றியிருந்தால் மட்டும். சனிக்கிழமை போய்க் கேட்டேன். "நாளைக்கு வா, பாக்கலாம்" என்றார் மேடம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனால் அறை பூட்டியிருந்தது. மேடம் சாமுண்டி மலைக்குச் சாமி கும்பிடப் போயிருக்கிறாராம். வெளியே போய் அவனைப் பார்க்கலாம் என்றால் அதற்கும் அதே மேடத்தின் கையெழுத்து வேண்டும்.

வாசல் காவலாளி கெம்பையாவிடம் ஓடினேன். நல்ல மனிதர். எனக்குத் தெரிந்த கன்னடத்தை எல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"என் தம்பி வருவான். அக்கா எங்கன்னு கேப்பான். வந்ததும் என்னைக் கூப்பிடுங்க. நான் மேடம் ரூம் வாசல்ல இருப்பேன்."

"அக்கான்னு கேட்டு வர்ற பையன விட்டுருவனா தாயி? உக்கார வெச்சு, காபி வாங்கிக் குடுத்துட்டு வந்து கூப்பிடறேன். ஆனா உள்ள விடணும்னா நோட்டுல பேர் இருக்கணும், அத மட்டும் பாத்துக்கோ."

மேடம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. துணைக்கு என் அறைத்தோழி ஸ்பூர்த்தியையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஹாசன்காரி, வாயாடி, எனக்காகக் கன்னடத்தில் சண்டை போடுபவள்.

"தம்பி பேரு?" என்றார் மேடம், நோட்டைத் திறந்து.

"குன்சாங் தோர்ஜி."

"உன் பேரு யூடன். அவன் பேரு தோர்ஜி. எப்படிம்மா தம்பி ஆவான்?"

விளக்கினேன். லாமாவிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன்.

"சரி, அடையாள அட்டையில என்ன பேர் இருக்கும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவனிடம் இரண்டு அட்டை உண்டு. ஊர் அட்டையில் குன்சாங் தோர்ஜி, மடத்து அட்டையில் துறவறப் பெயர் நவாங் சம்தென். பொய் சொல்லத் தெரியாமல் இரண்டையும் சொல்லித் தொலைத்தேன்.

மேடம் பேனாவை மூடிவிட்டார். "ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு. ரெண்டும் உன் பேரோட சேரல. உங்க அப்பா பேரு?"

"ஜாம்பெல்."

"நம்ம ரிஜிஸ்டர்ல செவாங்னு இருக்கே?"

"அது நான்தான் மேடம்!"

"நீதான் யூடனாச்சே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையைக் குத்திவிடுவேனோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஸ்பூர்த்தி புகுந்தாள். "மேடம், மூஞ்சியைப் பாருங்க மேடம். ரெண்டு பேரும் ஒரே அச்சு, நான் போட்டோல பாத்திருக்கேன்."

"போன மாசம் தீபிகா கூட்டிட்டு வந்தாளே ஒரு பெரியப்பா பையன், அவனுக்கும் ஒரே அச்சுதான்னு நீதானே சாட்சி சொன்னே? அப்புறம் ரெண்டு பேரும் சினிமா தியேட்டர்ல நின்னாங்க. என்னைக் கேனச்சின்னு நெனச்சியா?"

அந்தத் தீபிகா மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் பிடி பிடி என்று பிடித்திருப்பேன்.

"வீட்டுக்குப் போன் போடு. உங்க அம்மா சொல்லட்டும்" என்றார் மேடம்.

என் போனை அவருடைய மேஜையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அம்மாவுக்கு எங்கள் கிழக்கு மலைப் பேச்சைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மேடம் ஆங்கிலத்தில், "உங்கள் மகளைப் பார்க்க வருவது யார்?" என்று கேட்டார். அம்மா, "இது யாரு? செவாங், உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள். நான் மொழிபெயர்த்தேன். மேடம் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"நீ சொல்லாதே. நீயே கேட்டு நீயே பதில் சொல்லிப்பே. அவங்க சொல்லட்டும்."

"அவங்களுக்குப் புரியாது மேடம்!"

"பொறுமையாக் கேட்டாப் புரியும்." அதே கேள்வியை இன்னும் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அம்மா, "யாருடி இவ, காது செவிடா?" என்றாள். இப்படியே போனது. நடுவில் என் போனில் வேறு யாரோ கூப்பிடும் சத்தம் பீப் பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எடுக்கக் கையை நீட்டினால் மேடம் முறைத்தார்.

கடைசியில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என் பிள்ளை இன்னிக்கு வர்றான்னியே, வந்தானா? சோறு போட்டியா? அவனைப் பாக்காம அங்க என்னடி எவளோடவோ பஞ்சாயத்து? மூணு வருஷம் நான் அவனைக் கண்ணால பாக்க முடியாது. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வான்னுதானே சொன்னேன்!" என்று ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தாள். கடைசியில் குரல் உடைந்து மூக்கை உறிஞ்சினாள்.

மேடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. "எங்க அம்மாவும் இப்படித்தான் கத்துவா" என்றார். பேனாவைத் திறந்து, நோட்டில் தம்பியின் இரண்டு பெயர்களையும் எழுதினார். "பத்து நிமிஷம். வராண்டாவுல. போ."

நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசலில் யாரும் இல்லை. கெம்பையா மட்டும் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பி?"

"வரலியே தாயி. அக்கான்னு கேட்டு ஒரு பய வரல. காலைலேருந்து வாசலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் எதிர்ப்பக்க ஆண்கள் விடுதியிலிருந்து செவாங் பென்ஜோர் செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டியபடி ஓடி வந்தான். அவனும் பூட்டான்தான், பாரோ பக்கம், மெக்கானிக்கல் படிக்கிறான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர்கள் என்றேன் அல்லவா, அதில் ஒன்றை எங்கள் இருவருக்கும் வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் நான் யூடன் ஆகிவிட்டதால், செவாங் என்றால் அவன் ஒருவன்தான்.

"யூடன்! போன எடுத்தா என்ன? எத்தனை தடவை அடிக்கிறது? உன் தம்பி காலைலேருந்து எங்க ஹாஸ்டல் பெஞ்சுல உக்காந்திருந்தான்!"

"உங்க ஹாஸ்டல்லயா?"

"நான் தூங்கிட்டிருந்தேன். எழுப்ப வேண்டாம்னு மரியாதையா வெளியிலயே உக்காந்திருக்கான். நான் எழுந்து பாத்தா, நீங்க யாருன்னு என்னைக் கேக்கறான்! பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, பெரிய துறவி ஸ்டாண்டுல காத்திருக்காருன்னான். நீயும் போன எடுக்கல, ரோட்டைத் தாண்டி வந்து உன்னைத் தேட நேரமில்ல, இப்பதான் ஆட்டோ ஏத்தி விட்டேன்."

கெம்பையா பேப்பரை மடித்தார். "யாரு, அந்த மொட்டை சாமியா? அவரு அக்காவையா கேட்டாரு? அண்ணா, செவாங் அண்ணான்னு கேட்டாரும்மா! செவாங்கப் பாக்க எப்பவும் சாமிங்க வருமேன்னு நானே கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். இதுவரை அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதாக எழுதினேன் அல்லவா, அது உங்களுக்காக. எங்கள் பேச்சில் அக்காவுக்கு அனா. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் என்னைக் கூப்பிடுவது அனா, செவாங் அனா. அதைக் கன்னடத்துக் காதில் போட்டால் என்ன ஆகும்? பெண்கள் விடுதி வாசலில் வந்து அண்ணனைத் தேடும் சாமியை எந்தக் காவலாளி உள்ளே விடுவான்? கெம்பையா மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவாங்கிடம் ஸ்கூட்டர் இருந்தது. கையெழுத்தாவது மண்ணாவது என்று ஏறி உட்கார்ந்தேன். கெம்பையா பார்க்காத மாதிரி பேப்பரை விரித்துக்கொண்டார். வழி நெடுக நான் ஓயவில்லை. சர்வமங்களாவைத் திட்டினேன், தீபிகாவைத் திட்டினேன், எனக்கு இனிஷியல் வைத்த ஆபீஸ்காரரைத் திட்டினேன், சிக்னலில் நின்ற மாட்டைத் திட்டினேன். செவாங் இரண்டு தடவை, "யூடன், உன் தம்பி ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று அவன் வாயை அடைத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே குதித்து இறங்கி ஓடினேன். பெங்களூர் பஸ் எஞ்சினைப் போட்டு உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனால், நடுவில் மெரூன் துணி தெரிந்தது. பெரிய துறவி உள்பக்க இருக்கையில் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் குன்சாங். என்னைப் பார்த்ததும் பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டான். கன்னம் ஒட்டிப்போய், காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சின்ன வயதில் கோழி துரத்தினால் ஓடி வந்து என் பின்னால் ஒளிவானே, அதே முகம்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாயைத் திறந்தால் திட்டுதான் வந்தது.

"அறிவிருக்காடா உனக்கு? பத்து வருஷமா கர்நாடகாவுல இருக்கே, அண்ணான்னா என்னன்னு தெரியாது?"

"மடத்துக்குள்ள யாரு கன்னடம் பேசறா?" என்று சிரித்தான். "எல்லாம் திபெத்துப் பேச்சுதான்."

"யூடன்னு கேட்டிருக்கலாமில்ல? எருமை!"

"யூடனா? அது யாரு யூடன்? நீ செவாங் இல்லையா?"

"ஆம்பளைங்க ஹாஸ்டல்னு பாத்தா தெரியலையா? ஒரு பொண்ணாவது கண்ணுல பட்டுச்சா? அங்க நான் ஒருத்தி அந்தப் பொம்பளகிட்ட மன்றாடிக்கிட்டு இருக்கேன், நீ ஜம்முனு பெஞ்சுல உக்காந்துக்கிட்டு..."

"கோச்சுக்காதே. சாப்டியா?"

"சாப்பாடு ஒண்ணுதான் கேடு!"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் பின்னால் நகர்ந்தது. நானும் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தேன். அவன் சிரிப்பு போய்விட்டது. என் கைமேல் கையை வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டுமே என்று குனிந்து கேட்டான்.

"அனா, நான் போகட்டுமா?"

"போயிட்டு வா" என்றேன். "உடம்பப் பாத்துக்கோ."

என்னை ஒரு கணம் பார்த்தான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கையை எடுத்து உள்ளே இழுத்துக்கொண்டான். பஸ் திரும்பியது, வேகம் பிடித்தது, வாசலைத் தாண்டியது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. மூன்று நாளாக மனசுக்குள் சுமந்த ஒரே கேள்வி அது. கிடைத்த நேரத்தை எல்லாம் எருமை, மாடு என்று கத்தியே தீர்த்துவிட்டேன். வாசல் வரைக்கும் ஓடிப் பார்த்தேன். ரோட்டில் எல்லா பஸ்ஸும் ஒரே நிறம். அவனிடமும் போன் இல்லை, பக்கத்தில் இருப்பவரிடமும் இல்லை. ஆத்திரம் தாங்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

செவாங் வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு மூச்சு வாங்க வந்தான்.

"பாத்துட்டியா? கேட்டானா?"

"என்னத்த?"

"அதைத்தான வழியெல்லாம் சொல்ல வந்தேன், எங்க விட்டே? ஆட்டோ ஏற மாட்டேன்னு அழுதான் யூடன். மலைக்குப் போகப் பயமா இருக்காம். எங்க அனாவை ஒரு வார்த்தை கேக்கணும், அவ போன்னா போவேன், வேண்டாம்னா பஸ்ஸ விட்டு இறங்கிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கேட்டானா இல்லையா?"

"கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"போயிட்டு வான்னேன்."